பெண் வேஷம் கட்டுகிறவரிடம் சில கேள்விகள்

வணக்கம். எனக்கு வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். தெருக்கூத்தில் (கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள்) பெண் வேஷம் கட்டுகிறேன். சீசன் இல்லாத மாதங்களில் எங்கள் ஜமாவுக்கும், அதாவது கூத்துக் குழுவுக்கும், பக்கத்து ஜமாக்களுக்கும் உடுப்பு தைப்பேன், கிரீடம் மாதிரியான கட்டைச் சாமான் (மர அணிகள்) செய்வேன். கூத்தைப் பற்றியும் என்னைப் பற்றியும் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சின்ன வயதிலேயே பெண் வேஷம்தான் என்று முடிவாகிவிட்டதா? வீட்டில் என்ன சொன்னார்கள், அண்ணா? (கல்லூரி மாணவி, சென்னை)

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் (மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடும் திருவிழா) வைத்தால் ஆயா என்னைக் கூட்டிக்கொண்டு போகும். சாக்கு விரித்து முன்னால் இடம் பிடிப்போம். மற்றப் பிள்ளைகள் "பீமன் வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். நான் மெல்ல எழுந்து வேஷம் கட்டுகிற கொட்டகைப் பக்கம் போய்விடுவேன். அங்கே ஒரு பெரியவர், பகலில் ஏர் ஓட்டுகிறவர், உடைந்த கண்ணாடித் துண்டை முழங்கால் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு தென்னங்குச்சியால் புருவத்துக்கு மேலே வெள்ளைப் புள்ளி வரிசையாக வைத்துக்கொண்டிருப்பார். கை நடுங்காது. புடவையைக் கட்டி எழுந்து நின்றாரென்றால் நிற்கிற விதமே வேறாக இருக்கும். முதல் அடி வைக்கும்போது அவரை யாரென்று எனக்கே அடையாளம் தெரியாது. அதைப் பார்ப்பதற்காகவே விடிய விடிய விழித்திருப்பேன்.

அப்புறம் என்ன, வீட்டில் யாரும் இல்லாதபோது அக்காவின் சேலையை எடுத்துக் கட்டிப் பார்ப்பதுதான் வேலை. ஒரு நாள் அம்மா பார்த்துவிட்டது. அடிக்கப் போகிறது என்று நினைத்தேன். கிட்ட வந்து, "கொசுவத்த அந்தப் பக்கம் திருப்பாதடா, நடக்கும்போது காலைத் தடுக்கும்" என்று சொல்லிப் பிரித்து மறுபடி மடித்துவிட்டுப் போனது. நான் கற்ற முதல் தையல் பாடம் அது என்றே சொல்வேன். அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "கூத்தாடின்னு பேராயிட்டா எவன் பொண்ணு குடுப்பான்" என்று கவலைப்பட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் என்னை வகுப்புக்கு முன்னால் நடக்கச் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்தார். அந்த அவமானம் இன்றும் உடம்பில் இருக்கிறது. கூத்து வாத்தியார்தான் என்னை வேஷப் பெட்டி தூக்கச் சொல்லிக் கூடவே வைத்துக்கொண்டார். பெட்டி தூக்கியவன், அடுத்து நாடா முடிந்துவிடுகிறவன், பிறகு தோழிப் பெண், கடைசியில் திரௌபதி. என் வரிசை இப்படித்தான் போனது.

பெண்ணைப் போல நடக்க, நிற்க யாரிடம் கற்றீர்கள்? (ஆரணி வாசகர்)

வயலில் நடவு நடுகிறவர்களிடம், கிணற்றடியில், சாவு வீட்டில். ஒப்பாரி வைக்கிற பெண்கள் எப்படி உட்காருகிறார்கள், எழும்போது எந்தக் கையை ஊன்றுகிறார்கள் என்று பார்ப்பேன். இடுப்பை ஆட்டினால் பெண் வேஷம் ஆகிவிடும் என்று சில பேர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் கிடையாது. திரௌபதி சபையில் நியாயம் கேட்கிறவள். அவளுக்கு முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும். குறவஞ்சியில் அவளே குறத்தி வேஷத்தில் அஸ்தினாபுரம் போய்க் குறி சொல்கிறாள். அப்போது நடை துள்ளலாம், ஆனால் உள்ளே ராணி இருக்கிறாள் என்று எங்காவது ஓரிடத்தில் தெரிய வேண்டும். நல்லதங்காளுக்கு நடையே கிடையாது. பசித்த ஏழு பிள்ளைகளோடு வருகிறவளுக்குக் கால்தான் இழுக்கும்.

குரல் உடைந்தபோது என்ன செய்தீர்கள்?

மகரக்கட்டு உடைகிற வயதில் வாத்தியார் என்னைப் பாட விடவில்லை. தாளம் போடச் சொல்லி உட்கார வைத்துவிட்டார். அந்த வயதில் கத்தினால் குரல் கெட்டுப்போகும் என்பார். கூத்தில் முகவீணை (நாயனம் மாதிரி ஒரு சின்ன ஊதுகுழல்) மேல் சுருதியில் ஊதும். அதற்கு மேலே நம் குரல் ஏறி நிற்க வேண்டும், ஆனால் கீச்சுக் குரலாகவும் இருக்கக் கூடாது. நான் இப்போதும் ஆண் குரலில்தான் பாடுகிறேன். ஜனங்களுக்குப் பத்து நிமிஷத்தில் பழகிவிடும், அதற்குப் பிறகு அவர்கள் கேட்பது திரௌபதியின் குரலைத்தான்.

உடுப்பு தைப்பதில் கடைத் தையலுக்கும் கூத்துத் தையலுக்கும் என்ன வித்தியாசம்? (தையல் கற்கும் பெண், காஞ்சிபுரம்)

நல்ல கேள்வி, பாப்பா. கடைத் தையல் நிற்கிற உடம்புக்கு அளவெடுக்கிறது. கூத்து ராத்திரி பத்து மணி வாக்கில் ஆரம்பித்து விடிகிற வரைக்கும் போகும், அந்த உடம்பு ஒரு நிமிஷம் நிற்காது. கிறிக்கி அடிக்கும்போது, அதாவது சுழன்று ஆடும்போது, கை ரெண்டும் தோளுக்கு மேலே போகும். சாதாரண ஜாக்கெட் அக்குளில் கிழிந்துவிடும். நான் அக்குளில் தனியாகச் சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தைப்பேன். ஊக்கு வைக்க மாட்டேன், நாடாதான். வியர்வையில் ஊக்கு துருப்பிடிக்கும், அவசரத்தில் மாட்டாது. உள்பக்கம் பழைய பருத்தி வேட்டித் துணி கொடுக்க வேண்டும். வெளியே என்னதான் ஜிகினாவும் சமிக்கியும் மின்னினாலும் உள்ளே சருமத்தைத் தொடுவது பருத்தியாக இருந்தால்தான் விடியும்வரை தாங்கும்.

சேலைக் கொசுவத்தை மடித்து மேலே இரண்டு விரல் அகலத்துக்குக் கையால் தைத்துவிடுவேன். பின்னூசியை நம்புவதில்லை, களத்தில் விழுந்தால் வெறுங்காலில் குத்தும். மார்புக்குப் பஞ்சு வைத்தால் வியர்வையில் கனத்துத் தொங்கும். கிழிந்த சேலைத் துணியைச் சுருட்டி, தனிப் பட்டியில் தைத்து முதுகில் கட்டுவதுதான் சரி.

ராஜா வேஷம் இதற்கு நேர்மாறு. துரியோதனன், கர்ணன் போன்ற கட்டை வேஷங்களுக்கு இடுப்பில் துணிச் சுருள் கட்டி அதன்மேல் பாவாடைகளை அடுக்குவோம். சுழலும்போது அது முழுசாக விரிய வேண்டும். மேலே கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கன்னக்கட்டை. எங்கள் பக்கம் இதற்குக் கல்யாண முருங்கை மரம்தான். எடை குறைவு, உளி எளிதாக இறங்கும். மரத்தை நிழலில் காய வைக்க வேண்டும், வெயிலில் போட்டால் வெடித்துவிடும். மெலிதாகச் செதுக்கி, காகிதம் ஒட்டி, ரேக்கு (பளபளக்கும் மெல்லிய தாள்) ஒட்டி, சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைப் பதிப்போம். தீவட்டி, பெட்ரோமாக்ஸ் காலத்தில் அந்தக் கண்ணாடிகள்தான் வேஷக்காரன் வருவதைத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் காட்டின. அலைகிற வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக மின்னும். இப்போது எல்இடி விளக்கில் எல்லாம் ஒரே மாதிரி பளபளக்கிறது. அதனால் நான் கண்ணாடிகளைத் தட்டையாகப் பதிக்காமல் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்துப் பதிக்கிறேன். பலன் இருக்கிறது.

முகப்பூச்சு தோலைக் கெடுக்காதா?

பழைய அரிதாரம் ஆர்சனிக் உள்ள கனிமம், அதைத் தொடாதீர்கள். இப்போது பொடிகள் கிடைக்கின்றன. தேங்காய் எண்ணெய் தடவிப் பூசி, முடிந்ததும் மறுபடி தேங்காய் எண்ணெயாலேயே எடுத்துவிடுங்கள். சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டாம்.

பகடை துயில் நடக்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கும்? (வந்தவாசி அம்மா ஒருவர். பல வருஷமாகப் பார்க்கிறவர் என்று எழுதியிருக்கிறார்.)

அம்மா, நீங்கள் பார்த்தவர் என்பதால் உங்களுக்குத் தெரியும், சூதாட்டத்தில் தோற்று சபையில் திரௌபதி துகிலை உரிகிற அன்றைக்குக் கூத்து வேறு மாதிரி இருக்கும். நான் அன்று பகலிலிருந்தே விரதம். எங்கள் ஜமாவில் துச்சாதனன் கட்டுகிறவர் என் தலைமயிரைத் தொடுவதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றி, அம்மனைப் பார்த்துக் கும்பிட்டு, "வேஷத்துக்காகச் செய்யறேன் தாயே" என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி துச்சாதனன் ஆவார். எனக்குச் சவுரியைத் தலைக்கு ஒரு துணிப்பட்டி கட்டி அதோடு சேர்த்துத் தைத்திருப்பேன். இழுக்கிற இழுப்பு நிஜமாகவே இருக்கும். உள்சேலை அசையாமல் இறுகக் கட்டியது. மேலே சுற்றியவை ஒன்றின் முனையில் இன்னொன்று முடிச்சுப் போட்டவை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும்.

அதெல்லாம் என் கையால் தைத்ததுதான். எந்த முடிச்சு எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கையை மேலே தூக்கிக் கண்ணனைக் கூப்பிடுகிற இடத்தில் முடிச்செல்லாம் மறந்துபோகும். முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்கள் அழுவார்கள், யாருக்காவது ஆவேசம் வரும். அன்று விரித்த கூந்தல் பதினெட்டாம் போர்க் கூத்து முடிந்து, துரியோதனன் விழுகிற படுகளச் சடங்கில்தான் முடியும். மண்ணால் செய்த துரியோதனன் கிடப்பான், பீமன் தொடையை அடிப்பான், அங்கே ரத்தமாக வைத்திருப்பதைத் தொட்டுத் தடவிக் கூந்தலை முடிப்பேன். நல்ல வெயிலில், ராத்திரி போட்ட வேஷம் கலைந்த முகத்தோடு. அப்போது என் காலைத் தொட்டுக் கும்பிட வருகிறவர்களில் என்னைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்தவர்களும் இருப்பார்கள். நான் ஒன்றும் நினைப்பதில்லை. கும்பிடு அம்மனுக்கு.

தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் திருநங்கையா?

இல்லை. எனக்கு மனைவி இருக்கிறார், எங்கள் வீட்டுச் சமிக்கி வேலை முழுக்க அவர் கைதான். ஆனால் ஜமாக்களில் திருநங்கைகள் வேஷம் கட்டுகிறார்கள், எங்களோடும் கட்டியிருக்கிறார்கள். சிலருக்கு வேஷம் அந்த ராத்திரியோடு முடிகிறது. சிலருக்கு அந்த ஒரு ராத்திரிதான் தாங்களாகவே இருக்க முடிகிற ராத்திரி. சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுப்பவர்கள் அவர்கள். பாரதப் போருக்கு முன் அரவானைப் பலி கொடுப்பதை நாங்கள் அரவான் களப்பலி என்று ஆடுகிறோமே, அதே கதை. எங்கள் கொட்டகையில் யார் யார் என்ன என்று நாங்கள் விசாரிப்பதில்லை. புடவையை ஒழுங்காகக் கட்டியிருக்கிறாயா, பாட்டு பாடமாகிவிட்டதா, அவ்வளவுதான் கேட்போம்.

குடித்துவிட்டு வந்து தொந்தரவு செய்கிறவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? (பெயர் வேண்டாம் என்ற இளம் கலைஞர்)

தம்பி, இதை வெட்கப்படாமல் பேச வேண்டும். ரூபாயைக் குத்துகிறேன் என்று ஜாக்கெட்டில் கை வைப்பார்கள். வேஷம் கலைக்கும்போது எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் ஜமாவில் அன்பளிப்பு எதுவாக இருந்தாலும் கூத்தை நடத்திக்கொண்டு போகிற கோமாளியான கட்டியங்காரன் கையில்தான் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிப் பெயரைச் சொல்லிவிடுவார். ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்டு தாம்பூலம் வாங்கும்போதே ஊர்ப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவிடுவோம். கொட்டகையின் நாலு பக்கமும் மறைப்பு கேட்டு வாங்குவோம். உன்னைத் தொட்டால் ஆட்டத்தை நிறுத்து. வாத்தியார் உனக்காகப் பேசவில்லை என்றால் வேறு ஜமா பார். வேலை சுத்தமான பெண் வேஷக்காரனுக்கு வேலை கிடைக்காமல் போகாது.

பெண்களே ஆட வந்துவிட்டால் உங்களைப் போன்றவர்களுக்கு என்ன வேலை? (பெங்களூர் வாசகர்)

வரட்டும். கூத்து வாத்தியார் பெருங்கட்டூர் ராஜகோபால் ஐயாவும் அவர் மனைவி ஹன்னே டி புருயின் அம்மாவும் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்துக் குருகுலம் நடத்தினார்கள். பெண் பிள்ளைகளும் அங்கே படித்துக் கட்டை வேஷம் கட்டினார்கள். நாடகத்தில் ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் கட்டுவது புதுசும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவில் பையன்களே பெண் வேஷம் கட்டினார்கள். அங்கே பயின்ற டி.கே. சண்முகம் பிற்பாடு கிழவி வேஷம் கட்டி 'ஔவை' என்று பெயருக்கு முன்னாலேயே பட்டம் வாங்கினார். அந்தப் பக்கம் கே.பி. சுந்தராம்பாள் 1935இல் நந்தனாராக ஆண் வேஷத்தில் படத்தில் நடித்தார். ஒரு பெண் துரியோதனன் கட்டி, நான் எதிரே திரௌபதி கட்டி ஆட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. அந்தத் துரியோதனனுக்கு உடுப்பும் கிரீடமும் நானே செய்து தருவேன்.

நேரில் பார்க்க எங்கே, எப்போது வர வேண்டும்?

பங்குனியிலிருந்து ஆடி வரை, செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்கள். சுவரில் பாரத நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், எந்த ராத்திரி எந்தக் கூத்து என்று அதிலேயே இருக்கும். ஒரே ஒரு ராத்திரிதான் முடியும் என்றால் கர்ண மோட்சத்துக்கு வாருங்கள். கர்ணனின் மனைவி பொன்னுருவியைப் பாருங்கள்.

என் தாத்தா கூத்துக் கலைஞர். அவருடைய கிரீடம் பரணில் இருந்தது. கண்ணாடி உதிர்கிறது, ரேக்கு கருத்துவிட்டது. பெயிண்ட் அடிக்கலாமா? (செய்யாறு வாசகர்)

தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதீர்கள். முதலில் பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். மரத்தைத் தட்டினால் மாவு கொட்டும். கொட்டினால் அப்படியே ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன். மரம் நன்றாக இருந்தால் ஈரத்துணி போடாமல் காய்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். உதிர்ந்த கண்ணாடி ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். எந்தக் குழியில் எது இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு டப்பாவில் போட்டு வையுங்கள். பழைய கண்ணாடியின் கனம் இப்போது வருவதில் இருக்காது. ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை போதும். ஃபெவிகால் வைத்தால் பிற்பாடு பிரித்தெடுக்கும்போது மரத்தோல் கூடவே வந்துவிடும். கருத்த ரேக்கை அப்படியே விட்டுவிடுங்கள். உள்பக்கம் தலையில் உட்காருகிற துணி நைந்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள், பழைய துணியைத் தூக்கிப் போடாமல் அந்த டப்பாவிலேயே வையுங்கள். தாத்தாவின் தலை அளவு அதில்தான் இருக்கிறது.