சிஸ்டைன் விதானமும் ஈரக்காரையின் கெடுவும்

கேள்வி: சிஸ்டைன் சிற்றாலய விதானத்தை மைக்கலாஞ்சலோ வரைந்தது பற்றிப் படித்து வருகிறேன். ‘ஜோர்னாத்தா’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. அது என்ன? தொடக்கத்திலேயே ஓவியத்தில் பூசணம் பூத்தது ஏன்?

பதில்: ஜோர்னாத்தா என்பது ஒரு நாள் வேலை. இந்தச் சொல் பிடிபட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

இந்த விதானம் ஃபிரெஸ்கோ என்ற சுவரோவிய முறையில் வரையப்பட்டது. அதில் பசை, முட்டை, எண்ணெய் எதுவும் கிடையாது. நிறத்தூளைத் தண்ணீரில் குழைத்து, ஈரமான சுண்ணாம்புக் காரைமேல் தீட்டுவார்கள். உலரும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாக இறுகும். நிறமும் அந்தக் கல்லுக்குள் சிக்கிக்கொள்ளும். இதற்குச் சில மணி நேரமே கெடு. ஆகவே கரடான அடிப்பூச்சின்மேல், அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய இடத்துக்கு மட்டும் மெல்லிய மேல்பூச்சு பூசுவார்கள். மாலையில் மீந்ததை உருவத்தின் விளிம்பையொட்டிச் சாய்வாக வெட்டி எடுத்துவிடுவார்கள். மறுநாள் பூச்சு அந்த விளிம்பின்மேல் லேசாக ஏறும். பக்கவாட்டு ஒளியில் எடுத்த படங்களில் கழுத்து, தோள், ஆடையின் ஓரம் ஆகிய இடங்களைப் பாருங்கள்: மேலே ஏறியிருப்பது பிந்தைய நாளின் வேலை.

தவறினால் திருத்த இரண்டே வழி. பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம். அல்லது காய்ந்தபின் பசை கலந்த நிறத்தால் ‘செக்கோ’வாகத் தீட்டலாம். செக்கோ கல்லோடு சேராது, முதலில் உதிர்வதும் அதுதான். 1980களில் விதானத்தைச் சுத்தம் செய்தபோது, மைக்கலாஞ்சலோ தம் கையாலேயே செக்கோவில் இட்ட நிழல்களும் போய்விட்டனவா என்று பெரும் விவாதமே நடந்தது.

இனி, பூசணம். ரோமில் மணலுக்குப் பதில் பொசொலானா என்ற எரிமலைத்தூளைச் சுண்ணாம்போடு கலப்பார்கள். அந்தக் கலவையில் தண்ணீர் கூடினால் ஈரம் சீக்கிரம் வெளியேறாது, மேற்பரப்பில் பூசணம் பூத்துவிடும். நோவா காலத்துப் பெருவெள்ளக் காட்சியில் நேர்ந்தது இதுதான். மைக்கலாஞ்சலோ வேலையையே கைவிட நினைத்தார் என்றும், போப் அனுப்பிய கட்டடக் கலைஞர் ஜூலியானோ தா சங்கல்லோ வந்து, காரையில் நீர் அதிகம் என்று காட்டிக்கொடுத்தார் என்றும் மைக்கலாஞ்சலோவின் சீடர் கொந்திவி எழுதியிருக்கிறார்.

படுத்துக்கொண்டு வரைந்தார் என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம். சாரத்தில் நின்று, தலையை அண்ணாந்தே வரைந்தார்.

ஒரு யோசனை: காட்சிகளை பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் வரிசையில் பார்க்காதீர்கள். 1508இல் தொடங்கிய வேலை வாசல் பக்கமிருந்து பீடத்தை நோக்கி நகர்ந்தது; நோவா முதலில், படைப்பு கடைசியில். அந்த வரிசையில் பார்த்தால் கை பழகுவது கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் மாதிரி உருவம் வரைந்த தாளில் ஊசித்துளையிட்டு, கரித்தூள் தட்டி உருவத்தைப் பூச்சில் பதித்தார். பிறகு பெரும்பாலும் கூர்முனையால் ஈரப்பூச்சிலேயே கோடு கீறினார். உருவங்கள் குறைந்து பெரிதாகின்றன. பெருவெள்ளத்துக்கு 29 ஜோர்னாத்தா, ஆதாமின் படைப்புக்கு 16. பீடத்துக்கு மேலே, ஒளியையும் இருளையும் கடவுள் பிரிக்கும் காட்சிக்கு ஒன்றே ஒன்று.