காலரா கட்டுரையில் வாதம் எங்கே வரும்?

1854 லண்டன் காலரா பற்றிய உங்கள் கட்டுரையை, ‘தகவல் இருக்கிறது, வாதம் இல்லை’ என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். தளராதீர்கள், திரட்டிய உழைப்பு வீணாகாது. ஒரு கேள்வியை மட்டும் இறுகப் பிடியுங்கள்: பிராட் தெரு அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றியதால்தான் நோய் நின்றதா? செப்டம்பர் 8 அன்று அதைக் கழற்றுவதற்கு முன்பே இறப்புகள் குறையத் தொடங்கியிருந்தன. அந்தக் குழாயின் நீரே நோயைப் பரப்பியது என்று வாதிட்ட மருத்துவர் ஜான் ஸ்னோவே இதை மறைக்கவில்லை. அப்படியானால் அவருடைய வலுவான சான்று எது? அதே தெருவில் சொந்தக் கிணறு வைத்திருந்த பீர் ஆலையின் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். தொலைவில், ஹாம்ப்ஸ்டெட்டில், அந்தக் குழாய் நீரை வரவழைத்துக் குடித்த மூதாட்டி இறந்தார். எத்தனை முறை படித்தாலும் என்னை உலுக்கும் இடம் இது! கட்டுரையை இங்கிருந்து தொடங்குங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.