வாவிக்கு இக்கரையில் ஒரு சேர்வர்: எட்ஜ் கம்ப்யூட்டிங் பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பல ஆண்டுகளாகக் கணினி வலையமைப்புகளை நிறுவிப் பராமரித்து வருகிறேன். பயனர் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே கணினிச் சேவைகளைக் கொண்டுவருவது, அதாவது எட்ஜ் கம்ப்யூட்டிங், குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விலை விசாரணைகளை விட்டுவிட்டேன்.

செங்கலடி, மாணவி: தொலைவிலுள்ள தரவு மையங்களில் இயங்கும் கிளவுட் இருக்கும்போது எட்ஜ் எதற்கு? தூரம் அவ்வளவு பெரிய விடயமா?

கணக்கிட்டே பார்த்துவிடலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்கிறது. அதாவது 100 கிலோமீற்றர் போய்த் திரும்ப 1 மில்லிசெக்கன் ஆகும். கொழும்புக்குப் போய்வர 3 மில்லிசெக்கன் போதும்; சிங்கப்பூருக்கு, இடையிலுள்ள கருவிகளின் தாமதத்தைச் சேர்க்காமலே, 30 அளவில் வரும். கல்லடிக் கரையில் நின்றால் சிங்கப்பூர் நமக்குக் கிழக்கே இருக்கிறது. நம் தரவோ முதலில் மேற்குக்கோ தெற்கே மாத்தறைக்கோ போய்த்தான் கடலில் இறங்குகிறது, ஏனெனில் பெரிய கடலடி வடங்கள் அங்கேதான் கரையேறுகின்றன.

மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவைப் படகில்தான் போனோம். பாதையைப் பெரிதாகக் கட்டினால் ஒரே தடவையில் கூடுதலான மோட்டார் சைக்கிள்கள் ஏறும். வாவியைக் கடக்கும் நேரம் மட்டும் குறையாது. இணைய வேகம் என்று நமக்கு விற்கப்படுவது பாதையின் அகலம், நாம் உணரும் தாமதம் வாவியின் அகலம். அந்த அகலத்தைக் குறைக்க, கேட்பவர் இருக்கும் கரைக்கே பொருளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். 1998இல் தொடங்கிய அகமாய் நிறுவனம் இணையப் பக்கங்களின் பிரதிகளை ஊர் ஊராக வைத்தது. 2009இல் மகாதேவ் சத்தியநாராயணனும் உடன் ஆய்வாளர்களும், பிரதியோடு நில்லாமல் கணிப்பையே அருகில் கொண்டுவரும் ‘கிளவுட்லெட்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள்.

எனினும் நம் பகுதியில் 30 மில்லிசெக்கனுக்காக யாரும் சேர்வர் வைக்கத் தேவையில்லை. இணைப்பு அறுந்த பின்னும் வேலை நடக்க வேண்டும் என்பதே என் பார்வையில் முதற்காரணம்.

காத்தான்குடி: பப்ஜி விளையாடும்போது பிங் (தரவு சேர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) கூடுகிறது. வீட்டில் எட்ஜ் சேர்வர் வைத்தால் குறையுமா?

குறையாது. விளையாட்டின் சேர்வர் எங்கே இருக்க வேண்டும் என்பதை அதை நடத்தும் நிறுவனமே தீர்மானிக்கிறது. வைஃபை பலமாக இருக்கும் அறையில் இருந்து விளையாடிப் பாருங்கள்.

வெல்லாவெளி, விவசாயி: வயல் ஓரத்தில் கமரா வைத்து யானை வருவதை அறிய முடியுமா? அங்கே சிக்னல் மிகக் குறைவு.

இன்று வந்த கேள்விகளில் எட்ஜுக்கு மிகப் பொருத்தமானது இதுதான். செக்கனுக்கு 2 மெகாபிட் அளவில் ஒரு கமராவின் காணொளியை நாள் முழுவதும் கிளவுட்டுக்கு அனுப்பினால் 21 கிகாபைட்டுக்கு மேல் போகும். அந்தச் சிக்னலில் அது நடவாது. கமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு கணினி படத்தைப் பார்த்து, ‘யானை, வடக்கு வரம்பு, இரவு 1.40’ என்று மட்டும் அனுப்பினால் சில நூறு பைட்டுகளில் வேலை முடிந்துவிடும். அதை அனுப்புவதற்கு, கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாற உதவும் எம்கியூடிடி (MQTT) நெறிமுறை பொருந்தும். எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியே கண்காணிப்பதற்காக 1999இல் உருவாகியதால், மெல்லிய இணைப்போடு வாழப் பழகிய நெறிமுறை அது.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். படத்தில் இருப்பதை இனங்காண ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருள் மாதிரியை அப்படியே நம்பினால் இருட்டில் எருமையையும் யானை என்று சொல்லும்; அகச்சிவப்புக் கமராவில் உங்கள் வயல்வெளியிலேயே எடுத்த மாட்டுப் படங்களையும் சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டும். காவற்பரணில் ஒலிக்கும் மணியை இணையம் வழியாக இயக்காமல் அந்தக் கணினியிலிருந்தே வயர் போட்டு இயக்குங்கள்.

என் வழக்கமான எச்சரிக்கையும் உண்டு: பதிவுகளை மெமரி காட்டில் எழுத விடாதீர்கள். ஒரு குளக்கட்டில் நான் பொருத்திய நீர்மட்ட அளவி, திடீரென மின்சாரம் நின்ற ஓர் இரவில் ஆறு வாரப் பதிவுகளோடு செத்துப்போனது. பிழை என்னுடையது.

ஏறாவூர்: ஃபைபர் இணைப்பு எடுத்தும் விளையாட்டில் பிங் குறையவில்லையே?

காத்தான்குடிக்குச் சொன்ன பதிலையும் வாவியின் அகலத்தையும் பார்க்கவும்.

களுவாஞ்சிக்குடி, ஆசிரியர்: முப்பது கணினிகளும் ஒரே பாடக் காணொளியைத் தனித்தனியாக இறக்குகின்றன. இடையில் ஒரு சேமிப்புச் சேர்வர் வைக்கலாமா?

முன்பு, இணையப் பக்கங்களைச் சேமித்துக் கொடுக்கும் ஸ்குவிட் மென்பொருளைப் போட்டால் போதும் என்று சொல்லியிருப்பேன். இன்று பெரும்பாலான தளங்கள் மறைகுறியாக்கப்பட்டு வருவதால், நடுவில் நிற்கும் சேர்வருக்கு உள்ளே போவது என்னவென்று தெரியாது. தெரியாததைச் சேமித்துத் திரும்பக் கொடுக்கவும் முடியாது. ஆகவே உள்ளடக்கத்தையே பாடசாலைக்குள் கொண்டுவாருங்கள். கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் விக்கிப்பீடியாவையும் கொலிப்ரி என்ற மென்பொருள் மூலம் பாடங்களையும் இணையமின்றியே வழங்கலாம். மெமரி காட்டில் வேண்டாம், எஸ்எஸ்டி வட்டு வாங்குங்கள்.

சம்மாந்துறை, அரிசி ஆலை உரிமையாளர்: ஆலையிலும் கல்முனைக் கடையிலும் ஒரே இருப்புக் கணக்கு. இணைப்பு அறுந்தால் இரண்டு இடத்திலும் விற்பனை நிற்கிறது.

இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சிறு சேர்வர் வையுங்கள். விற்பனை அங்கங்கே பதிவாகி, இணைப்பு வந்ததும் ஒத்திசையட்டும்.

கல்முனை, மென்பொருள் பொறியியலாளர்: ஆபத்தான ஆலோசனை. கடைசிப் பத்து மூட்டையை இரு இடத்திலும் விற்றுவிட்டால் யார் பொறுப்பு? எல்லாவற்றையும் கிளவுட்டில் வைத்து, இரண்டாவது இணைப்பாகக் கைபேசி வலையமைப்பில் இயங்கும் ஒரு டொங்கிள் போட்டால் முடிந்தது.

கேள்வியின் முதற்பாதி மிகச் சரியானது. என் பதிலில் அதை விட்டது குறைதான். இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே கணக்கும் வேண்டும், எல்லா இடத்திலும் விற்பனையும் நடக்க வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. 2000இல் எரிக் புரூவர் முன்வைத்து, 2002இல் கில்பர்ட்டும் லிஞ்சும் நிறுவிய தேற்றம் அது. டொங்கிளை நான் ஏற்கவில்லை. மின்வெட்டு நீண்டு கோபுரத்தின் பற்றரியும் இறங்கினால் இரண்டு இணைப்பும் சேர்ந்தே போகும்.

அதே பொறியியலாளர்: அப்படியானால் உங்கள் எட்ஜ், பழைய கடைக் கணினிக்கு வைத்த புதுப்பெயர்தானே?

பாதி உண்மை, அதில் எனக்கு வெட்கமும் இல்லை. பழைய கடைக் கணினி தனித்தீவு. இது மையத்தோடு ஒத்திசைவது, மையத்திலிருந்தே திருத்தப்படுவது. வேறுபாடு அவ்வளவே, ஆனால் வேலையெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மூட்டைக்கு வருவோம். வாய்க்காலில் தண்ணீர் குறையும்போது, வயல்களின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டைவிதானை முறை வைத்துப் பங்கிட்டுவிடுவார். ஒவ்வொரு மடை திறக்கும்போதும் அவரிடம் ஓடிவந்து கேட்பதில்லை. அதுபோல் நூறு மூட்டை இருந்தால், எழுபதை ஆலைக்கும் முப்பதைக் கடைக்கும் முன்கூட்டியே ஒதுக்குங்கள். இணைப்பு அறுந்தால் அவரவர் பங்கு முடியும்வரை தயங்காமல் விற்கலாம். முடிந்ததும் நிறுத்த வேண்டும். பற்றுச்சீட்டு எண்ணுக்கு முன் இடத்தின் எழுத்தைச் சேர்த்தால் எண்கள் மோதா. கடன் வாடிக்கையாளரின் உச்சவரம்பை உயர்த்துவது போன்றவற்றை மட்டும் இணைப்பு வரும்வரை ஒத்திவையுங்கள். தனியாக நிற்கும்போது எதைத் தீர்மானிக்கலாம் என்ற இந்தப் பட்டியலை ஆலை உரிமையாளரே எழுத வேண்டும். பொறியியலாளரிடமோ என்னிடமோ விடக்கூடாது.

அதே பொறியியலாளர்: பங்கீட்டை ஏற்கிறேன். இரவில் அந்தப் பெட்டி பழுதானால் யார் போவது?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒரே மாதிரியான உதிரிப் பெட்டி ஒன்றைக் கடையிலேயே வைத்து, அதை மாற்றிச் செருகக் காசாளருக்குப் பழக்கிவிடுவேன்.

அக்கரைப்பற்று, தனியார் மருந்தகம்: நோயாளர் விபரங்களை உள்ளூர்ச் சேர்வரில் வைத்தால் சட்டச் சிக்கல் வருமா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஒரு சட்டத்தரணியிடம் செல்லுங்கள். என் துறையைப் பொறுத்தவரை, சேர்வரின் சேமிப்பு வட்டினை மறைகுறியாக்கி, பெட்டியைப் பூட்டிய அறையில் வையுங்கள்; உள்ளூரில் இருப்பதைத் திருடர் தூக்கிக்கொண்டும் போகலாம்.

வாழைச்சேனை: பிங்...

மேலே.

வாகரை, கடற்றொழிலாளர் சங்கம்: கரையில் ஒரு சிறு சேர்வர் வைக்க நிதி கிடைத்துள்ளது. எதில் தொடங்கலாம்?

கணினியில் தொடங்காதீர்கள். முதலில் பற்றரியும், உப்புக்காற்று புகாத மூடிய பெட்டியும் வாங்குங்கள். விசிறியுள்ள கணினி உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். விசிறி இல்லாததைத் தேடுங்கள். அதிலும் மெமரி காட்டில் எழுதாதது.