முதல்முறையாக நட்சத்திரம் பார்க்கும் கூட்டத்துக்குப் போகிறேன், சொந்தத் தொலைநோக்கி இல்லை. அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதைச் சொல்ல வாய் வராமல்தான் முதல் கூட்டத்திலேயே என் மானம் போனது.

டிசம்பர் மாதம், கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி பக்கம், நண்பருடைய மாமா நிலம். ஒருவர் தன் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் சனியை வைத்துவிட்டு எல்லாரையும் வரிசையாகப் பார்க்கவிட்டார். என் முறை வந்தது, குனிந்தேன். வெறும் இருட்டு. பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்களே என்று, "சூப்பர் சார், வளையம் நல்லாத் தெரியுது" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அடுத்து வந்த சின்னப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஒண்ணுமே இல்லையே அங்கிள்!"

அந்த மாதிரித் தொலைநோக்கியில் பெரும்பாலும் மோட்டார் கிடையாது, கையால் தள்ளுவதுதான். பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நூறு மடங்கு பெரிதாக்கினால், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் அடங்குவது சுமார் அரை டிகிரி வானம். நடுவில் வைத்த சனி ஒரே நிமிஷத்தில் ஓரத்தைத் தாண்டிவிடும். நீங்கள் மரியாதைக்குப் பொய் சொன்னால், பின்னால் நிற்பவர்களும் இருட்டைத்தான் பார்ப்பார்கள்.

அதற்காகக் குழாயை நீங்களே தள்ளாதீங்க, அவரைக் கூப்பிடுங்க. போகஸ் திருகைக் கேட்டுவிட்டுத் திருகலாம். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருகினாலே சரியாகிவிடும். சிதறல் பார்வைக்கான சிலிண்டர் பவர் அதிகமென்றால் கண்ணாடியோடு பாருங்க. கண்மை வேண்டாம், ஐபீஸில் ஒட்டிக்கொள்ளும். கொசு ஸ்ப்ரேயைத் தள்ளிப்போய் அடிங்க.

வெளிச்ச விஷயம் எல்லாரும் சொல்வதுதான். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், ஒரு போன் திரை அத்தனையையும் கெடுத்துவிடும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்க. வண்டியை வந்தவுடனேயே திருப்பி நிறுத்திவிடுங்க. இல்லாவிட்டால் பாதி ராத்திரியில் கிளம்பும்போது ஹெட்லைட் எல்லார் முகத்திலும் அடிக்கும்.

ஆனால் இந்தச் சட்டமெல்லாம் நமக்கு மட்டும்தான். எங்கள் பக்கம் டிசம்பர் ராகி அறுவடைக் காலம், யானை இறங்கும் காலமும்கூட. பக்கத்து நிலத்துப் பரணிலிருந்து ஒரு பெரியவர் அடிக்கடி டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர் "லைட்டை அணைங்க!" என்று கத்திவிட்டார். அங்கிருந்து பதில் வந்தது: "ஆனை வந்தா நீ செவப்பு லைட்டா காட்டுவே?"

யாரும் வாய் திறக்கவில்லை. நண்பருடைய மாமாதான் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தார். இப்போதெல்லாம் பொழுது இருக்கும்போதே அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொலைநோக்கியை இறக்குகிறோம்.

அன்றைக்கு ஒரு மணி வாக்கில் அந்தப் பெரியவரே வந்தார், டார்ச்சைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு. அப்போது வைத்திருந்தது வியாழனும் அதன் நிலவுகளும். குனிந்து பார்த்தவர் உடனே நிமிர்ந்தார்.

"தெரியலப்பா."

திருகை அவர் கையிலேயே கொடுத்தோம். முன்னும் பின்னும் திருகிவிட்டு நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். நடுவில் இரண்டு தடவை குழாயை நகர்த்தித் தர வேண்டியிருந்தது. அப்புறம் கேட்டார்: "இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ஒண்ணு, பொட்டுப் பொட்டா நிக்குதே, அதெல்லாம் என்னப்பா?"