பெட்டியின் மேல் ‘ஐ7’ என்று எழுதியிருந்தால் போதுமா?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகன் பாடத்திற்காகக் காணொளிகளைத் தொகுக்க வேண்டியுள்ளது. வீட்டில் இருப்பது விண்டோஸ் 10 ஓடும் பழைய கணினி. 1,500 வெள்ளிக்குள், பாகங்கள் எல்லாம் பொருத்தி முடித்த மேசைக்கணினியாக வாங்க நினைக்கிறோம். ஒரு கடையில் ‘ஐ7, 16 ஜிபி, 1 டிபி’ என்று எழுதிய கணினியை 1,390 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். கணினியை மாற்ற நினைத்தது சரிதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. ஆனால் ‘ஐ7’ என்பது, கணினியின் மூளையான பிராசசருக்கு இன்டெல் நிறுவனம் 2008இல் வழங்கத் தொடங்கிய பெயர். அது எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதை அதன் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 2017இல் வந்த ஐ7-7700 பிராசசரில் 4 கோர்கள், அதாவது கணக்கிடும் பிரிவுகள். 2022இல் வந்த ஐ5-12400இல் 6 கோர்கள். பெயரில் சிறியதான பின்னது வேகத்தில் முன்னதைத் தாண்டிவிடும். முன்னதோ விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் பிராசசர்களின் பட்டியலிலேயே இல்லை.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். ‘டி’ என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட்டு, அதற்கேற்ப வேகத்தையும் குறைத்துக்கொள்ளும் வகை. ‘எஃப்’ என்றால், திரைக்காட்சியை உருவாக்கும் பகுதியான உள்ளமைந்த கிராஃபிக்ஸ் பிராசசருக்குள் இல்லாத வகை. காணொளிகளைக் கையாள்வதை விரைவுபடுத்தும் இன்டெலின் ‘குவிக் சிங்க்’ அந்த உள்ளமைந்த கிராஃபிக்ஸுடன்தான் வருகிறது என்பதால், ‘எஃப்’ வகையை வாங்குவோர் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றும் உடன் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

விற்பனையாளரிடம் வாதாடிக்கொண்டிருப்பதைவிட, காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் ‘டாஸ்க் மேனேஜர்’ திரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிராசசரின் முழுப் பெயர் அதிலேயே இருக்கும். பக்கத்தில் ‘மெமரி’ என்பதைச் சொடுக்கினால், எத்தனை செருகிடங்களில் ரேம் எனும் தற்காலிக நினைவகத்தைப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். இரண்டில் ஒன்று மட்டுமே நிரம்பியிருந்தால், 16 ஜிபியையும் ஒரே துண்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 8 ஜிபி துண்டுகள் இரண்டைப் போட்டால், தரவு பாயும் வழி ஏறக்குறைய இரு மடங்காக அகலும். உள்ளமைந்த கிராஃபிக்ஸை நம்பியிருக்கும் கணினியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பெட்டியின் மேல் இரண்டுமே ‘16 ஜிபி’தான்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, வேகமான ‘என்விஎம்இ’ வகையாக இருந்தால் போதும். அதற்குமேல் வேகத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. நான் அதிகம் கவலைப்படுவது எந்த விளம்பரமும் சொல்லாத, பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையைப் பற்றித்தான். பெரிய நிறுவனங்களின் சிறிய கணினிகள் பலவற்றில், அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில், 200 வாட்டுக்கும் குறைவான பவர் சப்ளையை வைத்துவிடுகிறார்கள். பின்னர் கிராஃபிக்ஸ் அட்டை போட நினைத்தால் மின்சாரமும் போதாது, வெளியில் வாங்கியதை அதில் மாட்டவும் முடியாது. எனவே பணம் இடித்தால் கிராஃபிக்ஸ் அட்டையைத் தள்ளிப்போடுங்கள். வழக்கமான ஏடிஎக்ஸ் அளவுள்ள பெட்டியையும் 500 வாட்டுக்குக் குறையாத நல்ல பவர் சப்ளையையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நம் சிங்கப்பூர் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குளிரூட்டிய கடையில் பறக்கும் கணினி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் படுக்கையறையில், மேசைக்கு அடியில் மூன்று பக்கமும் பலகை அடைத்த இடத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு, அரை மணி நேரக் காணொளியைத் தொகுத்து முடிக்கும் வேளையில், சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட பெட்டி பார்க்க அழகு. காற்று நுழைய வழியிருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

விலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், பாகங்களை இணைக்கும் பலகையான மதர்போர்டு, பவர் சப்ளை உட்பட ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் மாடல் எண்ணையும் விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிம் லிம் ஸ்குவேரில் கணினி பொருத்தித் தரும் கடைகளில் இப்படிக் கேட்பதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த கடை, வாய்மொழியாகச் சொல்லும் விலையிலும் 9 விழுக்காட்டு வரியைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது விதி.

வீட்டுக்கு வந்தபின் ஒன்று: கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியில், திரையின் கம்பியைப் பின்பக்கத்தில் கீழே இருக்கும் அட்டையின் துளையில்தான் மாட்ட வேண்டும். என் மைத்துனர் மேலே உள்ள மதர்போர்டின் துளையில் மாட்டிவிட்டு, வாங்கிய அட்டை பயனில்லை என்று நான்கு மாதம் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

கேள்வி: வாங்கி மூன்று மாதமான கணினி அடிக்கடி தானே அணைந்துவிடுகிறது. உத்தரவாதம் தந்த நிறுவனத்திடம் போகச் சொல்லிக் கடைக்காரர் கைவிரிக்கிறார்.
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: அவர் அப்படி ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவர்களைக் காக்கும் ‘லெமன் சட்ட’ விதிகளின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, தரும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். நியாயமான காலத்துக்குள் பழுதுபார்த்தோ மாற்றியோ தராவிட்டால், விலைக் குறைப்பையோ பணத்தையோ கேட்கலாம். அணையும் நேரங்களைக் குறித்துவைத்து, கைப்பேசியில் படம்பிடித்து, முறையீட்டை எழுத்து மூலம் அனுப்புங்கள். பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். அதுவும் பலிக்காவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கு வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

கேள்வி: புதியது வரும்போது பழைய கணினியை என்ன செய்வது?
– ஈசூன் வாசகர்

பதில்: புதியதை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கடை, அதே வகையான பழையது ஒன்றை இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டும் என்ற விதி 2021 ஜூலை முதல் இருக்கிறது. வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்; உங்கள் கோப்புகள் இருக்கும் ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.