துக்க வீடு என்று ஒதுக்காதீர்கள்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்ததிலிருந்து கிறிஸ்மஸ் மாதம் வந்தாலே மனசு உறுத்துகிறது. எத்தனையோ பேர் கஷ்டப்படும்போது நாம் ஸ்டார் கட்டி, புதுத்துணி எடுத்துச் சந்தோஷப்படுவது சரியா? ஏதாவது ஓர் இல்லத்துக்கு 5,000 ரூபாய் அனுப்ப நினைக்கிறேன். எங்கே அனுப்பலாம்? ஜூலையில் என் கணவரின் அண்ணன் தவறிவிட்டதால் வீட்டிலும் கலகலப்பு இல்லை. அவர் மனைவியான அக்காவும் இரண்டு பிள்ளைகளும் அடுத்த தெருவில்தான். துக்க வீடு, சங்கடப்படுவார்கள் என்று இந்த வருடம் அவர்களுக்குப் பலகாரம் கொடுத்துவிடப் போவதில்லை.
- ஒரு வாசகி

பதில்: ஸ்டார் கட்டுங்கள், துணி எடுங்கள். அதில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கேட்கவேண்டியது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தப் பலகாரச் சங்கதியை.

சங்கடப்படுவோம் என்று அக்கா சொன்னாரா? நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்கள். சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். அதனால்தான் சொந்தக்காரர்கள் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். சுடக்கூடாது என்பது அவர்களுக்கு. கொடுக்கக்கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது? வழக்கத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு, தகப்பனை இழந்த பிள்ளைகளின் தட்டைக் காலியாக விடப் பார்க்கிறீர்கள். முகம் தெரியாத இல்லத்துக்கு 5,000 ரூபாய், அண்ணன் பிள்ளைகளுக்கு ஓர் அச்சுமுறுக்குகூட இல்லை என்றால் அதற்குத் தர்மம் என்று பெயரில்லை.

வெள்ளத்தைச் சொன்னீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையில், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். அவர்கள் வீடுகளைச் சுற்றியும் அன்றைக்குத் தண்ணீர்தான். உங்களுக்கு அடுத்த தெரு அவ்வளவு தூரமா?

இந்த வாரமே போய் அக்காவைக் கூப்பிடுங்கள். "முந்திரிக்கொத்து போடணும்க்கா, ஒத்தைக் கையா முடியல, எங்க வீட்டுக்கு வாங்க" என்று கேளுங்கள். அது பொய்யும் இல்லை. ஒரு கிலோ சிறுபயற்றை வறுத்து, உடைத்து, தோல் புடைத்துத் திரித்து வையுங்கள். ஒரு தேங்காயைத் துருவிச் சிவக்க வறுக்கவேண்டும். ஈரம் தங்கினால் நாலே நாளில் சிக்கு வாடை அடிக்கும், நன்றாக வறுத்தால் இரண்டு வாரம் தாங்கும். எள் 100 கிராம், ஏலம், சுக்கு. முக்கால் கிலோ கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, கம்பிப் பதத்தில் இறக்கி மாவில் ஊற்றிக் கிளறுங்கள். சூடு ஆறுவதற்குள் உருட்டியாகவேண்டும், ஆறினால் உதிரும். ஒருவர் கிளற, இருவர் உருட்டும் வேலை அது. பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். உருண்டைகள் இறுகிய பிறகு, தோசைமாவை விடக் கெட்டியாகக் கரைத்த பச்சரிசி மாவில் மும்மூன்றாக முக்கிப் பொரியுங்கள். கரைசல் தண்ணீராக இருந்தால் உருண்டை எண்ணெயில் கரைந்து, எண்ணெயே கருகிவிடும். பாதியை அக்கா கையில் கொடுத்தனுப்புங்கள். வரமாட்டேன் என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம். சுட்டதை எடுத்துக்கொண்டு நீங்கள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அத்தானைப் பற்றி அவர் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள்.

அந்த 5,000 ரூபாய் பிள்ளைகளின் துணிக்கு. 20ஆம் தேதிக்கு மேல் போனால் எந்த டெய்லரும் கைநீட்டி வாங்கமாட்டார், அதனால் ரெடிமேட்தான். பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போய் அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு எடுக்கும் விலையிலேயே எடுங்கள். மிச்சம் இருந்தால் இல்லத்துக்கு அனுப்பலாம்.

கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களிடமும் முன்கூட்டியே பேசுங்கள். துக்க வீடு என்று அந்த வாசலை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். பாட்டு வேண்டுமா, ஜெபம் மட்டும் போதுமா என்று அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. போனது அவருடைய அண்ணன். வாரிசுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா? இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் அட்டையோடு இ-சேவை மையத்துக்கு அக்காவை அவர் கூட்டிப்போகட்டும். அது இல்லாமல், நாமினி போடாத வங்கிப் பணம், பட்டா எல்லாம் இழுத்துக்கொண்டே கிடக்கும்.

25ஆம் தேதி மதியச் சாப்பாடு அவர்களுக்கு உங்கள் வீட்டில். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். 24 ராத்திரி கூப்பிட்டால் ஒப்புக்குக் கூப்பிட்டதாகத்தான் ஆகும்.