கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் வெறும் பாறைதானே, ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

அந்த ‘வெறும் பாறை’ என்ற சொல்லுக்காகவே எழுதுகிறேன். லாஸ் வேகாஸா, பாலைவனமா என்று உங்கள் வீட்டிலும் இழுபறி நடந்துகொண்டிருக்கும்.

இரண்டு வருடம் முன்பு என் அப்பாவை அழைத்துப் போனேன். முதல் ஒரு மணி நேரம் காரை விட்டே இறங்கவில்லை. "கல்லைப் பாக்கவாடா மூணு மணி நேரம் ஓட்டினே?" அறிவிப்புப் பலகையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமிக்கடியில் பாறைக் குழம்பு ஆறி இறுகிய கிரானைட், அதில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு, வெடிப்பில் இறங்கிய தண்ணீர்... "மூலையெல்லாம் மண்ணுக்குள்ளயே மழுங்கிடுச்சு, அப்புறம் வெள்ளம் வந்து மண்ணை அடிச்சுட்டுப் போயிடுச்சு, அதானே?" என்றார். ஊரில் மூன்று கிணறு வெட்டியவர். (நான் நிலவியல் படித்தவனில்லை, தப்பிருந்தால் திருத்துங்கள், திட்டாதீர்கள்.)

அடுத்து பூங்காவுக்குள்ளேயே இருக்கும் கீஸ் பண்ணை. முன்பதிவு செய்தால் பூங்கா ஊழியர் (ரேஞ்சர்) கூட்டிப்போவார், தனியாகப் போக முடியாது. பில் கீஸ் 1910 வாக்கில் அங்கே வந்தவர். கைவிட்ட சுரங்கங்களின் இரும்புச் சாமான்களைச் சேர்த்து, அணை கட்டி, தோட்டம் போட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தார். மூன்று பிள்ளைகள் சின்ன வயதிலேயே இறந்துபோயின.

1943-ல் வண்டிப்பாதைத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரரான வொர்த் பாக்லியைக் கீஸ் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்றார், கோர்ட் ஏற்கவில்லை. ஐந்து வருடம் ஜெயில். துப்பறியும் கதை எழுதும் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் வழக்கைக் கிளறியபின் 1956-ல் மன்னிப்பு கிடைத்தது. சுட்ட இடத்தில் கீஸே ஒரு கல் செதுக்கி நட்டார். அப்பா அரண்டுவிட்டார். "நம்மூர்ல செத்தவன் சனம் நடுகல் வைக்கும். கொன்னவனே வச்சிருக்கான்!" சாப்பிடும் வரை வரப்புத் தகராறு கதைகள்தான்.

கீஸுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது செரானோ, செமஹுவேவி, கஹுய்யா என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மண் என்பதும் தெரியும். கமென்ட்டில் வந்து பாடம் எடுக்க வேண்டாம்.

எனக்கு வயிறெரிந்தது வேறு விஷயத்தில். வாடகைக் கார்க்காரன் ‘உள்ளே மணல்’ என்று 150 டாலர் பிடுங்கிவிட்டான். பாலைவனத்துக்குப் போன காரில் மல்லிகைப்பூவா இருக்கும்? மூன்று ஈமெயில் போட்டும் பதில் இல்லை.

பெட்ரோல் உள்ளே கிடையாது, வெளியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தண்ணீரும் கையோடு. காரைத் திருப்பிக் கொடுக்குமுன் கால்மிதியை உதறிவிட்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.